கடைசிவரை இழுத்த சீட் பெல்ட்

வண்டலூரில் பழைய கார் விற்கும் இடமொன்றில் அவர் மெக்கானிக். ஒல்லியான உடம்பு. எந்த வண்டியைத் தொடும் முன்பும் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

அப்பாவின் கூடுவாஞ்சேரி மனையை அடகு வைத்து, அந்தக் கடையில் நின்ற பெரிய வெளிநாட்டு எஸ்யூவியை வாங்க நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அதுதான் முதல் கார். ஸ்பேர் பார்ட்ஸ் விலையும் மைலேஜும் பயமுறுத்தின. இருந்தாலும் பாதி விலை என்றதும் மனம் சாய்ந்துவிட்டது.

"வண்டி எப்படிண்ணா?" என்று அவரைக் கேட்டேன். முதலாளி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"சூப்பரா கீது சார். குந்திப் பாருங்க" என்றார் மெக்கானிக்.

உட்கார்ந்தேன். பெல்ட் மாட்டிவிட வந்தவர் மாட்டவில்லை; கடைசிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் அந்தப் பகுதியில் சேறு காய்ந்திருந்தது. மழை வெள்ளத்தில் முங்கிய வண்டி.

"இன்னாடா, பெல்ட் போட இவ்ளோ நேரமா?" என்றார் முதலாளி.

"டைட்டா கீது மொதலாளி" என்றார், என்னைப் பார்க்காமல்.

வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்லி இறங்கிவிட்டேன். முதலாளி எதிரில் அவருக்கு நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. வருகிற எல்லோருக்கும் அப்படித்தான் காட்டுகிறாரா, என்னிடம் எதையோ கண்டு காட்டினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.