வியாழக்கிழமை யார் வருவார்கள்?

உறவினர் வீட்டு விசேஷத்துக்காக வத்தலக்குண்டில் கொடைக்கானல் பேருந்துக்குக் காத்திருந்தபோது ஜீப் ஓட்டுநர் காதர் பாய் போனில் அழைத்தார். “மேடம், சகாயமேரி அக்கா போயிட்டாங்க. வெள்ளனே நெஞ்சு வலின்னாங்களாம். இன்னைக்கு வியாழக்கெழம. ரூமைத் தொறக்கவா, பூட்டியே போடவா?” எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

அக்காவை அறிந்தவர்களுக்கு அந்த அறையையும் தெரியும். கொடைக்கானல் மேல்மலைப் பூண்டு விவசாயக் குடும்பங்களுக்கான மனநல ஆலோசனை அறை. வாடகையும் ஜீப்பும் ஓர் அறக்கட்டளை கொடுப்பது. ஆள் அனுப்புவது அக்காவும் நானும் இருந்த உளவியலாளர் சங்கத்தின் பொறுப்பு. தொடக்கத்தில் முறை வைத்து, வாரம் ஒருவராகப் போனோம். எல்லா உறுப்பினருக்கும் வாய்ப்புக் கிடைத்ததில் சங்கத்துக்குத் திருப்தி. அறிக்கையில் நிறையப் பெயர்கள் வந்ததில் அறக்கட்டளைக்கும் திருப்தி. மகனைப் பறிகொடுத்த பேச்சியம்மாள்தான் ஒருநாள் பாதியில் எழுந்துவிட்டார். “போன வாரம் வந்த தாயிகிட்ட எல்லாத்தையும் சொன்னேனே. திரும்பவும் மொதல்லருந்தா?”

அன்று அவர் எதிரே இருந்தது அக்காதான். அடுத்த சங்கக் கூட்டத்தில் கொதித்துவிட்டார். “நாம ஆறுதல் கொண்டுபோகல. வாரா வாரம் புண்ணைக் கீறிட்டு வர்றோம்.” அதன்பின் எல்லா வியாழக்கிழமைகளையும் தானே எடுத்துக்கொண்டார். மழையில் பாதை சரிந்துகிடந்த நாளிலும் ஜீப்பை விட்டு இறங்கி நடந்தே போனார்.

அறக்கட்டளையினர் பேனரோடு படமெடுக்க வந்தபோது, காத்திருந்தவர்களை அக்கா பின்வாசல் வழியே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் பேனர் முன்னால் நின்றார். “அழுத மொகம் உங்க சுவத்துல தொங்க வேணாம் சார். என்னைய எடுத்துக்கங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்.” அவர்களும் சிரித்துவிட்டார்கள். கெட்டவர்கள் இல்லை.

இரங்கல் கூட்டத்தில், அறையும் ஜீப்பும் தொடரும் என்றது அறக்கட்டளை. அக்காவின் நினைவாக உறுப்பினர்கள் முறை வைத்துப் போவார்கள் என்றது சங்கம். எல்லோரும் தலையசைத்தார்கள். எதை எதிர்த்து அக்கா சண்டை போட்டாரோ, அதையே அவர் பெயரால் செய்கிறோம். எழுந்து சொன்னேன், பார்க்கலாம் என்றார்கள்.

முறைப் பட்டியலில் முதல் வாரம் எனக்கே வந்தது. பேச்சியம்மாள் எதிரே வந்து உட்கார்ந்ததும் கேட்டார்: “அடுத்த வாரமும் நீங்கதான் வருவீகளா?”

அடுத்த வாரத்துக்குப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அக்கா எனக்கென்று விட்டுப்போனது இந்த வியாழக்கிழமைகளைத்தான்.

“நான்தாம்மா வருவேன்.”

“சரி தாயி. அப்ப அடுத்த வாரம் பேசுறேன்” என்று எழுந்து போனார்.