பதினான்காவது இடத்துக்கு ஒரு கோப்பை

இரண்டு வருடங்களுக்கு முன், மழை ஓய்ந்த ஒரு கார்த்திகைக் காலையில், காரைக்குடியில் எங்கள் கல்லூரியில் நடந்தது இது. நான் அப்போது பி.காம். முதலாண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டியை அந்த வருடம் எங்கள் கல்லூரிதான் நடத்தியது. மைதானத்தையே சுற்றுகிற ஓட்டமில்லை இது. செம்மண் பொட்டல், கண்மாய்க் கரை, கருவேலங்காட்டுப் பாதை என்று பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும்.

ஒரு கல்லூரிக்கு ஆறு பேர் ஓடுவோம். அதில் முதலில் வருகிற நான்கு பேர் எத்தனையாவதாக வந்தார்களோ, அந்த எண்களைக் கூட்டுவார்கள். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவர்களுக்குத்தான் கோப்பை. எங்கள் அணியில் நான் நான்காவது ஆள், அதாவது கணக்கில் சேருகிற கடைசி ஆள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் அந்தக் கூத்தைச் செய்தேன்.

கோட்டையூரில் எங்கள் வீட்டிலேயே அம்மா சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார். சாப்பிட வருபவர்களுக்கு இலை போட்டு முடித்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. யாராவது எதிரே வந்தால் என் கால் தானாக ஒதுங்கிவிடும். அப்படியே வளர்ந்துவிட்டேன். போட்டியன்று காலை கல்லூரியில் வெளியூர் அணிகளுக்கு இட்லி பரிமாறியதும் நான்தான்.

ஓட்டம் முடிகிற இடத்தில் இருபுறமும் கயிறு கட்டியிருந்தார்கள். பாதை போகப் போகக் குறுகி, கோட்டருகில் ஒருவர் மட்டும் நுழைகிற அளவுதான் இருந்தது. அங்கே எனக்குச் சமமாக ஒரு பெண் ஓடி வந்தாள். தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரி. காலையில் என்னிடம் இரண்டாம் தடவை சட்னி கேட்டு வாங்கியவள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று ஒதுங்கி, "போங்க, போங்க" என்றேன். அவள் பத்தொன்பதாவது, நான் இருபதாவது.

கூட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு முப்பத்தொன்பது, எங்களுக்கு நாற்பது. அந்த ஓர் அடியை நான் எடுத்து வைத்திருந்தால் அப்படியே தலைகீழாக மாறியிருக்கும்.

எங்கள் கேப்டன் என்னைவிட ஒரு வருடம் மூத்தவள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டே, "ஏண்டி, நீ ஓட வந்தியா, பந்தி வைக்க வந்தியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

மறுவாரத்திலிருந்து நான் காலையில் டவுன் பஸ் ஏறுவதை விட்டேன். கோட்டையூரிலிருந்து கல்லூரிக்கு ஓட்டம்தான். வழியில் பஸ்ஸைக் கொஞ்சம் மெதுவாக்கச் சொல்லி, "ஏறிக்கம்மா, பொம்பளைகளுக்குத்தான் ஃப்ரீயாச்சே" என்று கூப்பிட்டுப் பார்த்த கண்டக்டரும் ஒரு மாதத்தில் பழகிவிட்டார்.

அடுத்த வருடப் போட்டி அந்தத் தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரியில் நடந்தது. எங்கள் கேப்டனுக்கு அது கடைசி வருடம். மூன்றாண்டுகளாக ஓடியும் அவள் ஒரு முறைகூட அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. காலையில் சாப்பிட உட்கார்ந்தால், இட்லித் தட்டோடு வந்து நிற்கிறாள் அதே பெண்!

"போன வருசம் எனக்கு வழி விட்டீகளே, நீங்கதான?"

"ஆமா. இந்த வருசமும் அதை நம்பி ஓடிறாதீக" என்றேன்.

"அப்ப இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கங்க, வயிறு கனக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே தட்டில் வைத்தாள். நான் ஒன்றைத்தான் சாப்பிட்டேன்.

ஏழாவது கிலோமீட்டர் வரை நான் ரொம்பப் பின்னால்தான் இருந்தேன். அப்புறம் கண்மாய்க் கரை வந்தது. முந்தின நாள் மழையில் கரை சேறாகிக் கிடந்தது. பலர் வேகத்தைக் குறைத்தார்கள், சிலர் நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியது, விலாவில் பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நாலு பேரைத் தாண்டினேன். கரையை விட்டு இறங்கியபோது முன்னால் அவளுடைய மஞ்சள் பனியன் தெரிந்தது.

கயிறு ஆரம்பிக்கிற இடத்தில் எட்டிப் பிடித்துவிட்டேன். இருவரும் தோளோடு தோள். பாதை குறுகிக்கொண்டே வருகிறது. உண்மையைச் சொன்னால், அப்போதும் என் கால் ஒதுங்கத்தான் பார்த்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேப்டன் என் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு என் தோளை உள்ளே நுழைத்தேன். கையில் ஒரு அட்டையைத் திணித்தார்கள். பதினான்கு.

மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். அந்தக் கரையில் நான் மூச்சு வாங்க நின்றிருந்தால் கோப்பை கிடைத்திருக்காது. கேப்டன் மேடையிலிருந்து இறங்கி வந்து அதை நேரே என் கையில் கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்கடி. பஸ்ஸுல யாராச்சும் கேட்டாகன்னு குடுத்துறாத!" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவதா வந்த?"

"பதினாலாவது. கப்பு எங்களுக்குத்தான்."

"பதினாலாவதுக்கெல்லாமா கப்பு குடுக்குறாக?"

கூட்டல் கணக்கை இரண்டு தடவை விளக்கினேன். பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் அன்று மெஸ்ஸுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "எம் மக பதினாலாவது வந்துருக்கா!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் ஒன்றும் விளங்காமல், "ரொம்ப சந்தோசம் ஆச்சி" என்றார்கள்.

மெஸ்ஸில் இன்றும் வருபவர்களுக்குத்தான் முதல் இலை. அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நாலு பேர் என்னை நம்பி நிற்கிற இடத்தில் ஒதுங்கி வழிவிடுவது மரியாதை ஆகாது என்று அந்தக் கயிற்றுக்கு நடுவில்தான் தெரிந்துகொண்டேன். முதல் பரிசு வாங்கியவள்கூட இவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். யார் கேட்டாலும் நான் இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், நான் பதினான்காவதாக வந்தவள் என்று.