நாலு வரிக்கு இடமில்லை

"அங்கே போங்கள், பிரமாதமாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நீ போனாயா, எந்தப் பக்கமாக இறங்கினாய், எங்கே வழுக்கியது என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேரிடம் பதில் இருக்காது. யாரோ சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லிவிட்ட திருப்தி, அவ்வளவுதான். இந்தக் கோபம் எனக்கு வந்தது ஐம்பதுகளின் பின்பாதியில், பெங்களூர் அல்சூரில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கையெழுத்துப் பத்திரிகையால்.

கையெழுத்துப் பத்திரிகை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கித்தான் ஆக வேண்டும். அச்சு கிடையாது. மாதம் ஓர் இதழ், ஒரே ஒரு பிரதி. முத்து முத்தாக எழுதத் தெரிந்த ஒருவர் எல்லோருடைய எழுத்தையும் நல்ல தாளில் எடுத்து எழுதுவார். இன்னொருவர் வண்ணப் படம் போடுவார். அட்டை வைத்துத் தைத்து வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார்கள். கடைசிப் பக்கத்தில் இருபத்திரண்டு வீடுகளின் பட்டியல் இருக்கும். படித்து முடித்ததும் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும்.

இருபத்திரண்டாவது வீடு என்னுடையது. மற்ற வாசகர்கள் எல்லாம் குமாஸ்தாக்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள். கூலிக்காரர்கள் குடியிருந்த மர்பி டவுனிலிருந்து நான் ஒருவன்தான். எங்கள் பக்கம் முதலில் வந்தால் தாளில் குழம்புக் கறை பட்டுவிடும் என்று யாரோ சொன்னது என் காதுக்கும் வந்தது. என் வீட்டில் குழம்பு வைப்பதே வாரத்தில் நாலு நாள். ஆனாலும் கறை மட்டும் எங்களுடையதாம்.

என்னை ஏன் சேர்த்தார்கள் என்றால், நான் மின்சார வேலையில் லைன்மேன். கம்பம் நடவும் ஒயர் இழுக்கவும் ஊரைச் சுற்றி நாற்பது மைல் நடந்தவன். எந்த ஏரிக்கரையில் நிழல் உண்டு, எந்த டாக்கீஸில் எந்தத் தூண் திரையை மறைக்கும், எந்தக் கடையில் செட் தோசைக்கு ஊற்றுகிற சாகு காலையில் மட்டும் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பத்திரிகை ஆசிரியர் ஓர் ஆபீஸில் ஹெட் கிளார்க். நாலு தலைமுறையாக ஊரில் இருக்கிற குடும்பம். அவர் வீட்டில் மின்சாரம் போய் நான் சரி செய்யப் போன நாளில் பேச்சு வளர்ந்தது. "ஏம்ப்பா, இதெல்லாம் சும்னே வாய்ல சொல்லிட்டு இருக்கியே, எழுதிக் குடேன்" என்றார். 'ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?' என்ற பகுதி அப்படித்தான் ஆரம்பித்தது.

சினிமா, சாப்பாடு, ஓர் இடம் என்று ஒரு பக்கம் எழுதுவேன். கீழே கடைசியாக நாலு வரி, 'கையோடு இருக்கட்டும்' என்ற தலைப்பில். டார்ச், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய தீப்பெட்டி, டிங்க்சர் அயோடின், கட்டுப் போடக் கிழித்த பழைய வேட்டி, பத்து கஜம் கயிறு. அந்த இடத்தில் என்ன ஆபத்து என்பதும் அந்த நாலு வரிக்குள்தான் வரும். என்னோடு வேலை செய்த ஒருவன் கம்பத்திலிருந்து விழுந்தபோது கட்டுப் போட ஒரு முழத் துணி இல்லாமல் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றவன். அதனால் மற்றதையெல்லாம் அவசரமாக எழுதினாலும் அந்த நாலு வரியை மட்டும் நிதானமாக எழுதுவேன்.

ஆசிரியருக்கு அது பிடிக்கவே இல்லை. "உல்லாசமாப் போறதுக்கு எழுதச் சொன்னா சாவு வீட்டுக்குச் சாமான் லிஸ்ட் போடறியே" என்பார். கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு மாதம் நான் எழுதிய இடம் ஓசூர் சாலையில் அத்திபெலேக்கு அப்பால் ஓர் ஏரி. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். மேற்குக் கரையில் புளிய மரங்கள், வெல்வெட்டு விரித்த மாதிரிப் புல். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருப்பதாகத் தெரியும். ஆனால் பக்கத்துச் செங்கல் சூளைக்காக ஏரி வற்றிய கோடையில் மண் வெட்டி எடுத்திருந்தார்கள். மழை வந்து அந்தப் பள்ளங்கள் தண்ணீருக்குள் மறைந்துவிட்டன. கம்பம் நடப் போனபோது குளிக்க இறங்கி, ஐந்தாவது அடியில் தலைக்கு மேல் தண்ணீரில் போனவன் நான். எனக்கு நீச்சல் தெரியும், பிழைத்தேன். அதைத்தான் எழுதினேன்: கரையில் உட்காருங்கள், சாப்பிடுங்கள், தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள், உள்ளே ஆள் முழுகும் பள்ளம் இருக்கிறது.

எழுதியதைக் கொடுக்கப் போன அன்று ஆசிரியர் வீட்டில் நாலைந்து பேர் இருந்தார்கள். "வாங்க, நம்ம எழுத்தாளர்" என்று அவர்கள் எதிரில் என்னை வாங்க போங்க போட்டு அழைத்தார். எல்லோருக்கும் காபி வந்தது. அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்கு மட்டும் கண்ணாடி கிளாஸ். அதுவும் புரிந்தது. ஆனால் எழுத்தாளர் என்ற சொல் தலைக்கு ஏறியிருந்ததால் குடித்தேன். "கடைசி வரிங்க கொஞ்சம் முரடா இருக்கு. நான் பாத்துச் சரி பண்ணிக்கறேன்" என்றார். மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். சரி பண்ணுவது என்றால் சந்திப் பிழை திருத்துவார் என்று நினைத்தேன்.

இதழ் சுற்றுக்குப் போனது. என் முறை வர இன்னும் பல நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அல்சூர் கடைத்தெருவில் எட்டாவது வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அருமையா எழுதியிருந்தீங்க சார். எனக்கப்புறம் வாங்கின பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்குக் காலைல குடும்பத்தோட அங்கதான் போறார். பத்திரிகையையும் கையோட எடுத்துட்டுப் போயிருக்கார். பொண்ணுங்க ரெண்டும் ஏரில குளிக்கணும்னு ஒரே குதி."

"குளிக்கவா? பள்ளம் இருக்குன்னு எழுதியிருந்தேனே, படிக்கலியா?"

"பள்ளமா? அப்படி ஒண்ணும் இல்லியே சார். அந்த எடத்துல படம்தான் இருந்துது."

அந்தப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. ஓசூரில் மைத்துனர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் அங்கிருந்தே ஏரிக்குப் போவதாக ஏற்பாடாம். ஓசூரில் எந்தத் தெரு, யார் வீடு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நேராக ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார்.

"படம் கொஞ்சம் பெரிசா வந்துடுச்சுப்பா. நாலு வரிக்கு இடமில்ல" என்றார்.

"சார், அதுல ஆள் முழுகும்."

"எழுத்துன்னா ஒரு சந்தோஷம் வேணும். நீ எப்பப் பாத்தாலும் பயமுறுத்தறே. அடுத்த இதழ்ல ஒரு குறிப்புப் போட்டுடலாம், விடு."

அடுத்த இதழ் வர இருபது நாள் இருந்தது. ஏரிக்குப் போகிறவர்கள் விடிந்தால் போகிறார்கள். இதை நான் சொன்னேன். "நாலு பெரியவங்க கூடப் போறாங்க, பாத்துக்க மாட்டாங்களா?" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசினால் கை நீண்டுவிடும் என்று பயந்து வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். தோளில் வேலைக்கயிறு ஒரு சுருள். கண்டக்டர் அதைப் பார்த்து, "ஏன் ஸ்வாமி, தனா ஹிடியக்கா?" என்று கன்னடத்தில் கிண்டல் செய்தான். மாடு பிடிக்கவில்லை, மனுஷனைப் பிடிக்கப் போகிறேன் என்று கத்தினேன். பாவம், அவன் மேல் என்ன தப்பு? வழியெல்லாம் பஸ் நிற்காத இடம் கிடையாது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் ஆசிரியரைத் திட்டினேன், படம் போட்டவரைத் திட்டினேன், கடைசியில் மண்டையை ஆட்டிய என்னைத் திட்டிக்கொண்டேன். அத்திபெலேயில் ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தேன்.

ஏரிக்கரை ஏறியதுமே அவர்கள் தெரிந்தார்கள். புளிய மரத்தடியில் ஜமுக்காளம். மனைவி டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தாள். இரண்டு பெண்களும் தண்ணீருக்குள் முழங்கால் அளவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா கரையில் நின்று பெட்டிக் கேமராவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்திரிகைப் படத்துல இருக்கற மாதிரி வரணும்மா. பெரியவ மட்டும் இன்னும் ஒரு அடி பின்னால போ."

நான் போட்ட கூச்சலில் அவர் திரும்பினார். பெரியவள் அதற்குள் அந்த ஓர் அடியை எடுத்து வைத்துவிட்டாள். தண்ணீரில் பின்னல் மட்டும் மிதந்தது, அதுவும் போய்விட்டது.

சூளையிலிருந்து ஒரு அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கயிற்றின் ஒரு நுனியை அவளிடம் எறிந்தேன், இன்னொரு நுனி என் இடுப்பில். அவள் மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது முழுக்கில் பாவாடை கையில் சிக்கியது. கரையில் கொண்டுவந்து குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினோம். வாய் வழியாக ஏரித் தண்ணீர் கொட்டியது, அப்புறம் இருமல், அப்புறம் அழுகை. அந்த அழுகையைக் கேட்டதும்தான் நான் உட்கார்ந்தேன்.

சூளைக்காரம்மாளுக்கு ஊர் தர்மபுரிப் பக்கம். மூச்சு வாங்க வாங்கத் திட்டினாள். "படிச்சவங்கதான நீங்க? போன பங்குனியில எங்க எருமக் கன்னு இதுலதான் போச்சு. எவன்யா உங்கள இங்க எறங்கச் சொன்னது?"

மனைவி ஜமுக்காளத்தில் கிடந்த பத்திரிகையைக் காட்டினாள், பிறகு, தெருவில் கம்பம் ஏறிப் பார்த்திருந்த என்னைக் காட்டினாள். "இவர்தான் எழுதினாரு" என்றாள். அவள் குரலில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை.

"நீயா எழுதுன?" என்றாள் சூளைக்காரம்மாள்.

"நான்தான்."

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ எறங்கிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துமா எழுதுன?"

எழுதினேன், வெட்டிவிட்டார்கள், படம் பெரிதாகிவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷிக்குத் தெரிந்த நியாயம் எங்கள் இருபத்திரண்டு வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பத்திரிகையை எடுத்து அப்போதுதான் முதன்முதலாக என் பக்கத்தைப் பார்த்தேன். ஒன்றும் சொல்வதற்கில்லை, படம் நன்றாகத்தான் இருந்தது. நீலத் தண்ணீர், அதில் முழங்கால் அளவில் இரண்டு சிறுமிகள், கை தட்டிச் சிரிக்கிறார்கள். நான் இறங்காதே என்று எழுதிய இடத்தில் இறங்கு என்று வரைந்து வைத்திருந்தார்கள்.

சட்டைப் பையிலிருந்த, நனைத்தால் அழியாத ஊதாவாக எழுதும் காப்பியிங் பென்சிலை நாக்கில் நனைத்தேன். அந்த நீலத் தண்ணீரின் குறுக்கே, பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கையில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு எழுதினேன்: 'இங்கே இறங்காதே. ஆள் முழுகும் பள்ளம். இன்று ஒரு பெண் குழந்தை முழுகிப் பிழைத்தது.' ஈரக் கையில் எழுத்து ஊதாவாக ஊறித் தாளின் மறுபக்கம் வரை இறங்கியது. அப்பாவிடம் கேட்டு இதழை வாங்கிக்கொண்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆசிரியர் வீட்டில் இருந்தேன். வேட்டி இன்னும் சேற்று நிறத்தில் இருந்தது. அவர் உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கேமராவைச் சொன்னேன், அந்த ஓர் அடியைச் சொன்னேன், வாயிலிருந்து கொட்டிய தண்ணீரைச் சொன்னேன். பிறகு இதழைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஊதாக் கோடுகளை விரலால் தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை.

"ஐயையோ," என்றார், "படத்தப் பாழாக்கிட்டியேப்பா."

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்பார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். கேட்கவில்லை. அவர் கையிலிருந்து இதழைப் பிடுங்கிக்கொண்டு பட்டியலில் அடுத்து இருந்த பத்தாவது வீட்டுக்கு நானே நடந்தேன்.