இறங்குவதற்குள் அழித்துவிடுங்கள்

குடும்பத்தில் அவளுக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர். அதையாவது முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். இன்னொரு பெயர் இருந்தது என்பது மேகத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அம்மா படுக்கையில் விழுந்தபோது அவளைத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அண்ணன் படிக்க வேண்டும், தங்கை சின்னப்பிள்ளை. நடுவில் பிறந்தவள் இவள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, "இவளுக்கு நோயாளியைப் பார்க்கிற கை" என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தை தலையெழுத்தாகிவிட்டது. ஓர் ஏஜென்ட் மூலம் கடல் கடந்து போனாள். அதன் பிறகு எல்லாம் அடுத்தவர் வீடுகள், அடுத்தவர் பெற்றோர்கள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப்புண் வராமல் முதுகைத் துடைப்பது. இரவில் நோயாளியின் கால்மாட்டில் ஒரு மடக்குக் கட்டில். ஒரு காது தூங்கும், இன்னொன்று இருமலுக்குக் காத்திருக்கும். நடுவில் வந்த ஒன்றிரண்டு வரன்களும், தங்கை கல்யாணம் முடியட்டும், அண்ணன் வீடு கட்டி முடிக்கட்டும் என்று தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் வராமலே நின்றுபோயின.

கடைசியாகப் பார்த்துக்கொண்ட கிழவி போன மாதம் இறந்தாள். இவளுக்கும் முழங்கால் போய்விட்டது. இனிமேல் யாரையும் தூக்க முடியாது. அண்ணனுக்குக் குரல் பதிவு அனுப்பினாள். நோயாளி எழுந்துவிடக் கூடாது என்று குளியலறையில் நின்று ரகசியம் போலப் பேசியே பழகியவள். கிழவி போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"அண்ணே, நான் ஒரேயடியா வந்துடறேன். எனக்குன்னு ஒரு சின்ன ரூம் இருந்தாப் போதும். கதவு சாத்துற மாதிரி. நான் மட்டும் படுக்கிற மாதிரி."

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்தக் கட்டைவிரலை அவள் எத்தனை முறை திறந்து பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

விமானத்தில் ஏறியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கடைசியாகக் கிசுகிசுத்தாள்: "போனை அணைக்கச் சொல்றாங்க. இறங்கினதும் பேசறேன்."

பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண். சும்மா இருக்கத் தெரியாத, நல்ல பெண்.

"ஆன்ட்டி, ஏன் போனைக் கையில வச்சுக்கிட்டு அதோட மூஞ்சியையே பாத்துட்டிருக்கீங்க? இந்த ஃப்ளைட்ல வைஃபை இருக்கு. மெசேஜ் ஃப்ரீ. குடுங்க, போட்டுத் தரேன்."

"வேண்டாம்மா. ப்ளேன் விழுந்துடப் போகுது."

"அப்படி விழுந்தா நானும்தானே விழுவேன்? குடுங்க ஆன்ட்டி." பெண் எதையெதையோ தட்டினாள். "எழுத்து மட்டும்தான் வரும். வாய்ஸ், போட்டோ எல்லாம் வராது. அதுக்குக் காசு கட்டணும்."

கைக்குத் திரும்பி வந்த போன் அதிர்ந்தது. குழுவில் தங்கையின் வீட்டுக்காரர் கேட்டிருந்தார்.

"பினாயில் எப்ப இறங்குது?"

யாரோ கடையில் பினாயில் வாங்கச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்து தங்கை எழுதியிருந்தாள்.

"இந்த குரூப்ல வேண்டாங்க, அக்கா இருக்கு."

"உங்கக்கா வானத்துல இருக்கு. போன் செத்துக் கிடக்கும். இறங்கறதுக்குள்ள அழிச்சுட்டாப் போச்சு."

அவள் தன்னை அறியாமல் புடவைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடம் அந்த வாசனையிலேயே இருந்த மூக்கு.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் ஒவ்வொன்றும் மெதுவாக, முழுதாக உள்ளே இறங்கியது.

"எங்க வீட்ல முடியவே முடியாது," என்று தங்கை. "பசங்க படிக்கிற ரூம் ஒண்ணுதான் இருக்கு. போன தடவை ஒரு வாரம் இருந்துச்சு, ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எங்க கட்டில்கிட்ட வந்து நின்னு மூச்சு வருதான்னு பாக்குது. எனக்கே கிலி பிடிச்சிருச்சு."

அண்ணி எழுதினாள்: "ஒரேயடியா வர்றதா எப்ப சொல்லுச்சு? எனக்குத் தெரியாதே."

"வாய்ஸ்ல சொல்லுச்சாம். அத யாரு கேக்கறா? ஒரே குசுகுசுன்னு," என்று தங்கை.

"ஏதாவது ஆசிரமத்துல விசாரிக்கலாம்," என்று தங்கை வீட்டுக்காரர். "அங்கயும் நாலு கிழம் இருக்கும். அதுக்கும் பொழுது போகும்." பக்கத்திலேயே சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மூன்று முகங்கள்.

கல்லூரிப் பெண் எட்டிப் பார்த்து, "என்ன ஆன்ட்டி, வீட்ல எல்லாரும் ஒரே குஷியா?" என்றாள். சிரித்துக்கொண்டே இரண்டு வரி படித்துவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, வெள்ளையாக மேகம்தான்.

அப்போதுதான் அண்ணன் வந்தான். எழுத்தாக இல்லை, குரல் பதிவாக. அவள் அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

கீழே தங்கை எழுதினாள்: "அண்ணன் மனசு யாருக்கு வரும்!"

தங்கை வீட்டுக்காரர் இரண்டு கைகளைக் கூப்பிய படம் போட்டார். அண்ணி, "சரி, இருக்கட்டும். நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்றாள்.

அண்ணன் பேசியிருக்கிறான். தனக்காக ஒருத்தன் வாயைத் திறந்திருக்கிறான். என்ன சொல்லித் திட்டியிருப்பான்? 'அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க' என்றிருப்பானா? வாழ்நாளில் இந்த ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் மறந்துவிடலாம் என்று தோன்றியது.

"ஏம்மா, இந்த ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்க முடியாதா? எங்க அண்ணன் பேசினது."

பெண் தயங்கினாள். "கார்டு இருக்கா ஆன்ட்டி?"

"அதெல்லாம் இல்லம்மா."

"என் கார்டும் எங்கப்பா லாக் பண்ணி வச்சிருக்காரு. இறங்கினதும் கேட்டுக்கலாம் ஆன்ட்டி. எங்க ஓடிப் போகப் போகுது?"

ஓடித்தான் போனது. விமானம் தாழத் தொடங்கியபோது தங்கை வீட்டுக்காரர் எழுதினார்: "இறங்கற நேரம் ஆச்சு. எல்லாரும் அவங்கவங்க போட்டதை அழிச்சுடுங்க."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பினாயில் போனது. குசுகுசு போனது. ஆசிரமம் போனது. ஒவ்வொரு இடத்திலும், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.' அண்ணன் குரலின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், பிடித்தால் நிற்கும் என்பதுபோல. விரலை எடுத்தபோது அதுவும் இல்லை.

பரவாயில்லை. கேட்கத்தான் முடியவில்லை. பேசினான் அல்லவா?

விமான நிலையத்தில் அண்ணனும் அண்ணியும் நின்றிருந்தார்கள். "என்ன இப்படி இளைச்சுட்டே!" என்று அண்ணி கட்டிக்கொண்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு கட்டிக்கொண்டாள். எத்தனையோ பேரின் மூச்சைக் காவல் காத்தவளுக்கு அது தெரியாமல் போகுமா?

காரில் அண்ணனிடம் மெல்லக் கேட்டாள். "அண்ணே, எனக்கு ரூம்..."

"அதெல்லாம் மாடியில ரெடியா இருக்கு. உன்னை விட்டுடுவோமா? நீ எங்கூடத்தான்."

அவள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, "பாரு, இதுக்குப் போய் அழுவா" என்றான்.

வீட்டுக் கூடத்தில் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் எழுந்து வரவேற்றார்கள். "ஃப்ளைட்ல நல்லா தூங்கினியாக்கா?" என்றாள் தங்கை. "தூங்கினேன்," என்றாள் அவள். அண்ணன் பெட்டியை மாடிப்படி வரை கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீ போய்ப் பாரு" என்றான். முழங்கால் வலிக்க வலிக்க, பெட்டியோடு அவளே ஏறினாள்.

கதவு இருந்தது. சாத்துகிற கதவுதான். உள்ளே ஜன்னலோரம் பக்கக்கம்பி வைத்த பெரிய கட்டில். அதில் அண்ணியின் அம்மா, வாய் ஒரு பக்கம் கோணிக் கிடந்தாள். அவள் கால்மாட்டில் ஒரு மடக்குக் கட்டில். மூலையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் தன் பைக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் புது ஆளா?" என்றாள் அந்தப் பெண். "மத்தியானம் திடீர்னு போன் பண்ணி, நாளையிலேருந்து வர வேண்டாம், சொந்தத்துலயே ஆள் வருதுன்னுட்டாங்க. பாத்துக்குங்க, ராத்திரியில அஞ்சாறு தடவை எழுப்பும்."

அந்தப் பெண்ணின் செருப்புச் சத்தம் கீழே இறங்கி மறைந்தது. அண்ணன் அந்தக் குரல் பதிவில் என்ன பேசினான் என்பது அவளுக்கு இப்போது சொல்லுக்குச் சொல் கேட்டது.

அவள் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். குடும்பக் குழுவில் அதுவரை அவள் ஓர் எழுத்துக்கூட அடித்ததில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

'விமானத்தில் இன்டர்நெட் இருந்தது.'

அனுப்பினாள். கீழே கூடத்தில் போன்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சிணுங்கின. ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த தங்கை வீட்டுக்காரர் பாதியில் நிறுத்தினார். பிறகு ஒரு சத்தமும் இல்லை. யாராவது படியேறி வருவார்கள் என்று அவள் கதவைப் பார்த்தாள். திட்டுவதற்காவது வருவார்கள்.

யாரும் வரவில்லை. போன் ஒருமுறை அதிர்ந்தது. 'அண்ணன் உங்களை நீக்கிவிட்டார்.'

கீழே மறுபடி பேச்சுச் சத்தம் எழுந்தது, முதலில் தணிவாக, பிறகு பழையபடி. அண்ணி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மாவுக்கு மாத்திரை நேரம் ஆச்சு பாரு!"

கட்டிலில் கிழவி அசைந்தாள். கோணிய வாயிலிருந்து குழறலாக வந்தது.

"யாரது?"

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"புது ஆளும்மா," என்றாள்.