யாருக்கும் வேண்டாதவனாக இருக்கட்டும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேச்சு வேறு பக்கம் போனால் லேப்டாப்பை மூடிவிடுவேன் என்கிறாள். அதனால் நேராகவே சொல்லப் பார்க்கிறேன்.

ஃபிரிஸ்கோவில் மகன் வீட்டுக்கு வந்த புதிதில், டிவியில் எனக்குப் புரிந்தது பாஸ்கெட்பால் ஒன்றுதான். பந்து வளையத்துக்குள் விழுந்தால் சந்தோஷம், விழாவிட்டால் இல்லை. இதற்கு எழுத்து எதற்கு? எங்கள் டீமில் ஏழாம் நம்பர்காரன் ஒருவன். இடது முட்டியில் கறுப்பு உறை மாட்டியிருப்பான். அவன் பெயர் என் வாயில் நுழையாது, முட்டிக்காரன் என்று வைத்துக்கொண்டேன். கையில் வந்த பந்தை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுச் சிரிப்பான். பந்தியில் கேட்காமலே இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுகிறவன் சிரிப்பு. என் சித்தப்பா ஒருவர் அப்படித்தான், அவர் பரிமாற வந்தால்... சரி, மருமகள் முறைக்கிறாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது மகன் சொன்னான்:

"அவன் கான்ட்ராக்ட்தான் டீமுக்குப் பெரிய தலைவலிங்கம்மா. முட்டி கெட்டதுல இருந்து முன்ன மாதிரி ஆடறதில்லை, கான்ட்ராக்ட் இன்னும் ரெண்டு வருஷம் இருக்குது. ஆடினாலும் ஆடாட்டியும் சம்பளம் குடுத்தே ஆகோணும். அது இல்லீன்னா நல்ல ஆளா ரெண்டு பேரைப் புடிச்சிருக்கலாம்."

"அப்ப வேற ஊருக்கு அனுப்பிருவாங்களா?"

"எவனாச்சும் எடுத்தாத்தானே? சும்மா எடுக்க மாட்டாங்க. கூடவே நல்லா ஆடற சின்னப் பையன் ஒருத்தனையும் சேர்த்து ட்ரேட் பண்ணோணும்."

"சீர் வெச்சு அனுப்பற மாதிரியா?"

பன்னிரண்டு வயதுப் பேத்திக்குச் சிரித்துப் புரையேறியது. "எக்ஸாக்ட்லி, அப்பத்தா. நோபடி வான்ட்ஸ் ஹிம்."

அன்றைக்குப் பிடித்தது பயம். பேத்தியின் போனில் ஆட்களை டீம் விட்டு டீம் மாற்றிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முட்டிக்காரனை ஒரு நாள் கலிஃபோர்னியாவுக்கு அனுப்புவாள், ஒரு நாள் நியூயார்க்குக்கு. விளையாட்டுதான், ஆனாலும் அவள் விரல் அவன் படத்தைத் தள்ளும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். மகன் போன் டிங் என்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பேன்.

சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலில் நின்றபோது என்ன கேட்பது என்றே குழப்பம். அவன் நன்றாக ஆடவேண்டும் என்று கேட்டால் வேறு ஊர்க்காரன் கண் வைப்பான். யோசித்து, "அவன் யாருக்கும் வேண்டாதவனா இருக்கட்டும், வடைமாலை சாத்தறேன்" என்று வேண்டிக்கொண்டேன். எவ்வளவு சாமர்த்தியமாகக் கேட்டுவிட்டோம் என்று பெருமை வேறு.

ட்ரேட் முடிகிற கடைசி நாள், மத்தியானம் இரண்டு மணி வரை கெடு. பேத்தி பள்ளிக்கூடத்தில், மருமகள் ஆபீசில். மகன் மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில். நான் டிவி முன்னால். திடீரென்று திரை முழுக்க முட்டிக்காரன் படம். கீழே எழுத்து ஓடுகிறது. ஓடி முடிந்து மறுபடி ஓடுகிறது. அதில் ஏழு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்த வாசனை வந்தது, எழுந்து போக முடியவில்லை. நான் போனால் அவனும் போய்விடுவான் என்று ஒரு கிறுக்குத்தனம்.

போனில் நியூஜெர்சி மகள் படத்தை அழுத்தி வீடியோவில் கூப்பிட்டேன்.

"என்னம்மா, மூச்சு வாங்குது? ஆபீஸ்ல இருக்கேன். என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல, சாமி. இந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு படி." போனை டிவிக்கு நேராகத் திருப்பினேன்.

"நான் ஆம்புலன்ஸ் வரைக்கும் யோசிச்சிட்டேன்."

"அது கெடக்கட்டும். படி."

கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள். "மூணு டீம்கிட்டப் பேசிப் பார்த்தாங்களாம். கூட ஒரு பையனைத் தர்றோம்னும் சொன்னாங்களாம். ஒருத்தரும் எடுத்துக்கலையாம். அவரு இங்கயேதான் இருப்பாரு. போதுமா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அடுப்பை அணைக்க எழுந்தேன். அப்போதுதான் அவள் சொன்னாள்:

"பாவம்மா அந்த ஆளு. இதை அவரு வீட்ல இருக்கறவங்களும் படிப்பாங்கல்ல?"

மறுநாள் ஆட்டத்தில் அவன் இறங்கியதும் எங்கள் ஊர் ஆட்களே கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். பந்தை வாங்கினான், அடுத்தவனுக்குக் கொடுத்தான். சிரிக்கவில்லை. நான் கேட்டது சொல் பிசகாமல் நடந்திருந்தது. இந்த வாயால் இன்னும் என்னென்ன கேட்டு வைத்திருக்கிறேனோ.

சனிக்கிழமை காலையில் வடை சுட்டேன். மருமகள் கோத்தாள்.

"அவந்தான் போகலையே அத்தை, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

"எண்ணெய்ச் சூடு" என்றேன்.

மாலையைச் சாத்தினார்கள். கும்பிட்ட கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றேன். கடைசியில், "அவன் முட்டி சரியாகட்டும்" என்று மட்டும் கேட்டேன். சரியானால் நாலு ஊர்க்காரர்கள் வந்து நிற்பார்கள், சீர் இல்லாமலே கூட்டிக்கொண்டு போவார்கள். அது தெரிந்துதான் கேட்டேன். கோடையில் ட்ரேட் பேச்சு மறுபடி ஆரம்பிக்குமாம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகன் போன் டிங் என்றது. நான் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.