மிச்சக் கலர்

அன்று என் வீட்டு வாசலில் நின்றவர்கள் இவர்கள். தோட்டத்துத் துரை. ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி. கோலாலம்பூரிலிருந்து வந்த சீனப் பெண். அவள் பையைத் தூக்கி வந்த டிரைவர். பக்கத்து வீட்டு அக்கா. நான். உள்ளே கட்டிலில் என் அப்பா. அவருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்திருந்தது. கதவு திறந்திருந்தால் வெளியே பேசுவது எல்லாம் கேட்கும்.

என் வீட்டுக்காரர் இல்லை. அவர் கப்பலேறிப் போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தோட்டத்துத் தேயிலை அதுவரை பெரிய பலகைப் பெட்டிகளில்தான் வெளியே போகும். எங்கேயோ கலந்து யாரோ பெயரில் விற்பார்கள். எண்பது பிறந்த சமயம், சொந்தமாகப் பாக்கெட் போடும் எண்ணம் துரைக்கு வந்தது. பாக்கெட்டுக்கு ஒரு கலர் வேண்டும். கடையில் தூரத்திலிருந்து பார்த்தாலே இந்தத் தோட்டத்துத் தேயிலை என்று தெரிய வேண்டும். அந்தக் கலரைத் தேடத்தான் அந்தப் பெண் வந்தாள்.

அவள் கையில் விசிறி மாதிரி ஒரு சீட்டுக் கட்டு. ஒவ்வொரு சீட்டும் ஒரு கலர். இரண்டு நாள் மலையெல்லாம் ஏறி இறங்கினாள். கொழுந்துக்குப் பக்கத்தில் சீட்டை வைத்தாள். முற்றிய இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஃபேக்டரியில் இலை செம்பு நிறத்துக்கு மாறுகிற இடத்தில் நின்று வெகுநேரம் பார்த்தாள். செம்மண்ணைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்தாள். எங்கள் தலைத்துண்டுகளைக்கூட விடவில்லை.

"அமோய் நம்மளுக்குச் சேல எடுக்க வந்திருக்கா போல லா," என்றாள் அக்கா. சீனப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"எனக்கு ரோஸு," என்றாள் ஒருத்தி.

"ஒனக்கு ரோஸா? மாடு மெரளும்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஆனாலும் கூடச் சிரித்தாள். நல்ல பெண். அட்டை கடித்து ரத்தம் வடிந்தபோதும் சத்தம் போடாமல் துடைத்துக்கொண்டாள்.

ஒன்றும் பிடிக்கவில்லை அவளுக்கு. பச்சை எல்லோரும் போடுகிறார்கள், சிவப்பும் தங்கமும் எல்லோரும் போடுகிறார்கள், கடையில் வைத்தால் கூட்டத்தில் தொலைந்துபோகும் என்று கிராணியிடம் சொன்னாளாம்.

மூன்றாம் நாள் ஃபேக்டரி கக்கூஸில் தண்ணீர் வரவில்லை. அக்காதான் அவளை எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குக் கூட்டி வந்தாள். திரும்பிப் போகும்போது அந்தப் பெண் என் கதவைப் பார்த்து நின்றுவிட்டாள். விசிறியைப் பிரித்து ஒவ்வொரு சீட்டாகக் கதவில் வைத்தாள். எதுவும் சேரவில்லை. டிரைவரை அனுப்பி துரையையும் கிராணியையும் வரவழைத்தாள்.

இந்தக் கலருக்கு என்ன பெயர் என்று மலாயில் கேட்டாள்.

"மிச்சக் கலரு," என்றாள் அக்கா.

கிராணி அதை மலாயில் மாற்றிச் சொன்னார். தட்டில் சாப்பிட்டு விட்டதைச் சொல்லும் வார்த்தைதான் அவர் வாயில் வந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மிச்சம்னு சொல்லித் தேயில வித்தா எவன் வாங்குவான்?" என்றார் துரை. அவர் சிரிக்கவில்லை.

பெயர் அக்கா வைத்தது இல்லை. என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தது.

லயத்துக் கதவு எல்லாம் ஒரே காப்பிக் கலர். தோட்டம் கொடுக்கும் சாயம் அதுதான். அவர் திரிங்காப் பக்கம் காய்கறித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஃபேக்டரிக்கு வந்தார். இரும்புக்கும் தகரத்துக்கும் சாயம் அடிக்கிற வேலை. வந்த புதிதில் எந்த வீடு தன் வீடு என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு சாயங்காலம் பனி இறங்கி, நீட்டின கை தெரியவில்லை. வேலை முடிந்து வந்தவர் அக்கா வீட்டுக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்து, "தேத்தண்ணி குடு," என்றிருக்கிறார். அக்கா போட்டுக் கொடுத்துவிட்டாள். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

"தேத்தண்ணி நல்லா இருந்துச்சா, தம்பி?"

அவர் எழுந்துவிட்டார்.

"எங்க போறீங்க? கோப்பையக் கழுவி வெச்சிட்டுப் போங்க. எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம்."

லயமே சிரித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஃபேக்டரியிலிருந்து அடியில் கொஞ்சம் சாயம் மிஞ்சியிருந்த டின்களைக் கொண்டுவந்தார். கூரைக்கு அடித்த பச்சை. லாரிக்கு அடித்த நீலம். பங்களா ஜன்னலுக்கு அடித்த வெள்ளை. இரும்புக்கு முதலில் பூசுகிற சிவப்பு கொஞ்சம். எல்லாவற்றையும் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் ஊற்றிக் குச்சியால் கலக்கினார். மத்தியானத்துக்குள் கதவு மாறிவிட்டது.

"என்ன கலருங்க இது?"

"மிச்சமிருந்த கலரு."

வெயிலில் அது பச்சை. மழையில் நனைந்தால் நீலம். பொழுது சாயும் நேரத்தில் என்னவென்று சொல்ல முடியாது. ஆனால் பனியில் தெரியும். மேல் மலையில் கொழுந்து எடுக்கும்போது பனி விலகினால் கீழே லயம் தெரியும். வரிசையாகக் காப்பிக் கலர். நடுவில் ஒன்று மட்டும் வேறு. தினமும் பார்ப்பேன்.

அவர் கையில் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐசி. என்னிடம் நீலம். நீலம் என்றால் இந்த நாட்டுக்காரர். சிவப்பு என்றால் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். அவர் கைக்குழந்தையாக இந்தியாவிலிருந்து வந்தவர். அவருடைய அப்பா குடியுரிமைக்குப் பாரம் எழுதிப் போடாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. அப்படிப் பல பேர். குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். என்னால் கிளம்ப முடியவில்லை. என் அப்பாவுக்குக் கைகால் விழுந்தது அப்போதுதான். தூக்கி உட்காரவைக்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

தானா ராத்தா பஸ் நிலையம் வரை போனேன்.

"பேப்பர சரி பண்ணிட்டு வந்துர்றேன்."

"ம்."

"கதவுக்கு வேற சாயம் அடிச்சிராத."

"ம்."

"பனியில வந்தாலும் வீடு தெரியணும்."

பஸ் போய்விட்டது. அன்று காலையில் அவர் பசியாறவில்லை. ஒரு ரொட்டியாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

முதல் இரண்டு வருடம் கடுதாசி வந்தது. பிறகு நின்றது. நான் கதவைத் துடைத்து வைத்தேன். பாசி ஏறினால் சுரண்டாமல் துணியால் எடுத்தேன்.

அந்தக் கதவைத்தான் அன்று அந்தப் பெண் நகத்தால் தொட்டாள். ஓரத்தில் உரிந்திருந்த சாயத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தலையாட்டினேன். காகிதத்தில் மடித்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாள் கழித்துக் கிராணி வந்தார்.

"சாயத் துண்டு வழியிலயே நொறுங்கிப் போச்சாம்மா. அச்சாபீஸ்ல பெருசாக் கேக்குறாங்க. கதவையே அனுப்பிடலாம்னு துரை சொல்றாரு. ஒனக்குப் புதுக் கதவு. பூட்டோட."

"கதவு வேணுங்கய்யா."

"அதான் புதுசு தர்றோமே."

"இது வேணும்."

"என்னம்மா, தேக்கா இது? பெட்டிப் பலக."

அக்கா தன் வாசலிலிருந்து சொன்னாள். "ஐயா, அது அவ புருசனுக்கு வெச்சிருக்கிற அடையாளம். ஒங்களுக்குப் புரியாது லா."

"எனக்குப் புரியாதுன்னு யாரு சொன்னா? துரைக்குப் புரியாது. அவருகிட்ட நான்தான போய் நிக்கணும்."

உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். அவருக்கு வாய் கோணியிருந்தது. பேச்சு குழறும். அன்று குழறவில்லை.

"அவன் வருவான்னு நெனச்சா வெச்சுக்க. இல்லன்னா குடுத்துரு."

கிராணி தரையைப் பார்த்தார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

கதவில் நான்கு பலகைகள் நிற்கும். ஓரத்துப் பலகையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆசாரி வந்து பலகையைக் கழற்றினார். அந்த இடத்தில் சாயம் பூசாத புதுப் பலகை ஒன்றை அடித்துவிட்டுப் போனார். கதவைப் பார்த்தால் பல் போன வாய் மாதிரி இருந்தது. ஃபேக்டரியில் கெஞ்சி அதே மாதிரி அடிச்சாய டின்கள் வாங்கிவந்தேன். பச்சை, நீலம், வெள்ளை, கொஞ்சம் சிவப்பு. கலக்கினேன். சாக்கடைப் பாசி மாதிரி வந்தது. வெள்ளையைக் கூட்டினேன். சாம்பலாகிவிட்டது.

"மிச்சத்துக்கு மிச்சம்," என்றாள் அக்கா.

அவர் கலக்கும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் டின்னைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பலகைக்குச் சாயம் அடிக்காமலே விட்டேன்.

பாக்கெட் தயாரானதும் அந்தப் பெண் மறுபடி வந்தாள். நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். பாக்கெட்டைக் கதவில் வைத்துப் பிடித்தாள். சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சரியாக இருந்தது. எது பாக்கெட், எது கதவு என்று ஓரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

"மழையில் நீலமாகும்," என்றேன், எனக்குத் தெரிந்த மலாயில்.

அவள் யோசித்தாள். "கடைக்குள் மழை பெய்யாது," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கும் அது குறையாகத்தான் இருந்தது. பத்து தடவை கலந்து பார்த்தார்களாம். நீலம் வந்தால் பச்சை போய்விடுகிறதாம். பச்சையோடு நிறுத்திக்கொண்டார்களாம். பலகையைத் திருப்பித் தருகிறேன் என்றாள். அச்சாபீஸில் எங்கேயோ வைத்துவிட்டார்கள். கிடைக்கவில்லை.

தானா ராத்தா கடையில் ஒருநாள் பார்த்தேன். ஒரு தட்டு முழுக்க அந்தக் கலர். சுற்றுலா வந்தவர்கள் எடுத்துப் பார்த்து, மணந்து, கூடையில் போட்டார்கள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்கும்வரை அங்கேயே நின்றேன். என் வீட்டுக்காரர் மலையில் இல்லாமல் போன பிறகு, அவர் கலக்கியது மலையை விட்டு இறங்கி ஊர் ஊராகப் போகிறது. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

லயத்திலிருந்து ஒருவர் சொந்தக்காரர்களைப் பார்க்க இந்தியாவுக்குக் கிளம்பினார். அவரிடம் ஒரு பாக்கெட் கொடுத்தேன்.

"அவரப் பாத்தா குடுங்கண்ணே."

"என்னான்னு சொல்லிக் குடுக்க?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். கலரப் பாத்தா தெரியும்."

திரும்பி வந்து சொன்னார். கடுதாசி வந்த ஊரில் என் வீட்டுக்காரர் இல்லை. வேலை தேடி வேறு ஊர் போயிருக்கிறார். எந்த ஊர் என்று தெரியாது. பாக்கெட்டை அவருடைய சித்தி வீட்டில் கொடுத்ததாகச் சொன்னார். தேயிலை நல்ல திடம் என்றார்களாம்.

பாக்கெட் நன்றாக விற்றது. துரைக்குச் சந்தோஷம். அந்தக் கலர் இனி எங்கும் தெரிய வேண்டும் என்றார். ஃபேக்டரி கேட்டுக்கு அடித்தார்கள். லாரிகளுக்கு அடித்தார்கள். ரோட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு லயமும் தெரியும் அல்லவா? பெரிய பெரிய டிரம்களில் சாயம் வந்தது.

நான் மேல் மலையில் இருந்தேன். காலையிலிருந்து பனி. மத்தியானம்தான் விலகியது. வழக்கம்போல் கீழே பார்த்தேன். என் வீடு தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லாக் கதவும் அதுவாக இருந்தது.

கூடையைக் கீழே வைத்துவிட்டு இறங்கினேன். கங்காணி கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை.

என் கதவிலும் அடித்திருந்தார்கள். பழைய சாயத்தின் மேலேயே, அந்தப் புதுப் பலகையிலும் சேர்த்து. ஈரம் காயவில்லை. சாயக்காரத் தம்பி கீழ் லயத்துக் கடைசி வீட்டில் இருந்தான்.

"தம்பி, எங் கதவுக்கு மட்டும் பழைய காப்பிக் கலரு அடிச்சிரு."

"என்னக்கா, ஒங்க கதவுலேர்ந்து எடுத்த கலருங்கிறாங்க. ஒங்களுக்கே வேணாமா?"

"வேற மாதிரி இருக்கணும்."

"எல்லாம் ஒண்ணா இருக்கணும்னுதான் துரை சொல்லியிருக்காரு. கிராணிகிட்ட கேட்டுப் பாருங்க."

கிராணியிடம் போனேன். அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்தார். "துரைகிட்ட ஒரு தடவ பலகைக்குப் பேசினேன். இதுக்கும் பேச முடியாதும்மா," என்றார்.

அக்கா வாசலில் காத்திருந்தாள்.

"வந்தா விசாரிக்க மாட்டாரா? வாயில்லையா அவருக்கு?"

"கேக்க மாட்டாரு."

"அப்பத் தட்டிப் பாக்கட்டும். ஒவ்வொண்ணாத் தட்டட்டும்."

அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மேல் லயத்தின் முதல் வீட்டிலிருந்து கீழ் லயத்தின் கடைசி வீடு வரை நடந்தேன். ஒவ்வொரு கதவாக எண்ணினேன்.

முப்பத்தாறு.