உமி லாரிக்கு எந்த ஆயில்?

ஆயில் என்று யாராவது பேச்செடுத்தாலே சங்கிலிபூதத்தானுக்கு முகம் கடுத்துவிடும். ஆளுக்கு ஒரு ஆயில் சொன்னார்கள். சேரன்மகாதேவி பஸ் நிறுத்தத்தில் டீ ஆற்றுகிறவர்கூட ஒரு ஆயில் சொன்னார். அந்தத் தெருவில் லாரி வைத்திருந்தவர் சங்கிலி ஒருத்தர்தான். ஆயில் தெரிந்தவர்கள் தெரு முழுக்க இருந்தார்கள்.

அவருடையது உமி லாரி. நெல் அரைக்கிற ஆலையில் மலையாகக் குவிகிற உமியை அள்ளிக்கொண்டு போய் செங்கல் சூளையில் தட்டுவது தொழில். பாரம் பார்க்கத்தான் பெரிசு, எடை கம்மி. அதனால் சுளுவான பிழைப்பு என்று நினைக்கிறவன் ஒரு நடை கூட வந்து பார்க்கட்டும். கண்ணில் உமித்தூசி, காதில் உமித்தூசி, சோற்றுத் தூக்கைத் திறந்தால் அதிலும். மனுசன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வான். இன்ஜின் என்ன செய்யும்? அதுவும் மூச்சு இழுத்துத்தானே ஓடுகிறது.

போன தையில்தான் இன்ஜினைப் பிரித்து முழு வேலை பார்த்திருந்தார். பங்குனி அறுப்புக்கு ஆலைகள் ஓட ஆரம்பித்தன, வண்டி மறுபடி புகைய ஆரம்பித்தது. காலையில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் இறங்கியிருக்கும். ஊற்றுவார். மறுநாளும் இறங்கியிருக்கும். ஏத்தத்தில் இழுவை கிடையாது.

இன்னொரு தடவை இன்ஜினைப் பிரித்துச் செலவழிக்க அவரால் ஆகாது. பிரித்தே தீரணும் என்று வந்தால் வண்டி சிவசண்முகத்துக்குப் போய்விடும். சிவசண்முகம் ஆலை முதலாளி. சங்கிலி பல வருசம் அவரிடம் டிரைவராக இருந்துவிட்டு, தொண்ணூற்று நாலில்தான் பழைய வண்டி ஒன்றைப் பிடித்துத் தனியாக வந்தவர். புகையைப் பார்த்துவிட்டு சிவசண்முகம் சொன்னார்:

"ஏ சங்கிலி, இத என்கிட்ட வித்துட்டு நீயே ஓட்டு. ரிப்பேர் வந்தா நான் பாத்துக்கிடுதேன். உனக்கு எதுக்குலே இந்த மாரடிப்பு?"

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் சங்கிலிக்கு இன்னும் எரிச்சல். கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் திட்டவாவது செய்யலாம்.

பேட்டையில் மெக்கானிக் மதாரிடம் போனார். மதார் ஆயிலை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"தண்ணி மாதிரி இருக்குவே. இத ஊத்துனா எங்கன நிக்கும்? கெட்டி ஆயில் போடும். நாப்பதாம் நம்பர்."

கெட்டி ஆயில் போட்டார். விடிகாலையில் செல்ஃப் அடித்தால் எருமை எழுந்திருக்கிற மாதிரி எழுந்தது இன்ஜின். புகை குறையவில்லை.

அடுத்து திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தேவசிகாமணியின் ஆயில் கடை. "அண்ணாச்சி, கெட்டி ஆயில் எல்லாம் அந்தக் காலம். இப்போ டப்பாவுல வருது பாருங்க, குளிருக்கு இளகும், சூட்டுக்குத் தாங்கும். பேப்பர் ஆயில் பில்டரையும் சேத்து மாத்துங்க. துணி பில்டர டீசல்ல அலசி அலசி எத்தன நாளைக்கு ஓட்டுவீக?" என்றான். அந்த டப்பாவை வாங்கினார். பில்டரையும் மாற்றினார். நாலு நடை போவதற்குள் ஆயில் கண்மையாகக் கருத்துவிட்டது. கம்பியைத் துடைத்த துணியைக் கையோடு கொண்டுபோய் தேவசிகாமணி மேசையில் போட்டார்.

"என்னவே இது? ஆயில்னு சொல்லி மைய வித்திருக்கீரு?"

"கருக்கணும் அண்ணாச்சி. கருத்தாத்தான் நல்ல ஆயிலு. உள்ள இருக்க அழுக்க அரிச்சு எடுக்குதுல்லா?"

"வெள்ளையா இருந்தா என்ன சொல்லுவீரு?"

"அது வேல செய்யலன்னு சொல்லுவேன்."

இப்படிப் பேசுகிறவனிடம் என்ன பேசுவது? அவன் சொன்னது நிசம்தான் என்பது சங்கிலிக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் புகை நின்றிருக்காது.

உமி லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜின் காற்றை இழுக்கிற பில்டரின் வாயில் பழைய வேட்டித்துணியை மடித்து, நனைத்து, இறுக்கிக் கட்டுவார்கள். ஈரத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும், உள்ளே போகாது என்பது கணக்கு. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. துணி கட்டாத உமி லாரி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. சங்கிலியும் தினம் கன்னடியன் கால்வாயில் துணியை அலசிக் கட்டுவார். புகை கூடக் கூட மடிப்பையும் கூட்டினார். ஒரு மடிப்பு, அப்புறம் இரண்டு, அப்புறம் துணி போதாமல் பொண்டாட்டி சுடலைவடிவின் பழைய சேலை. தன் பங்குக்கு எல்லாம் செய்தாகிவிட்டது, இனி ஆயில்தான் குற்றவாளி என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

ஒரு நாள் கல்லிடைக்குறிச்சி தாண்டி ஒரு சின்ன பாலத்து ஏத்தத்தில் வண்டி நின்றே விட்டது. உமி பாரம்! பஞ்சு மாதிரி பாரம்! பின்னால் வந்த பஸ்காரன் ஆரனில் கை வைத்தவன் எடுக்கவில்லை. "ஏ பெரியவரே, எறங்கித் தள்ளும், நாங்களும் வாரோம்" என்று ஜன்னல் வழியாக ஒருத்தன் சிரித்தான். சங்கிலிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி முன்மூடியைத் தூக்கினார். ஓடும்போது உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவது. ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்க ஆள் வேண்டும். பொண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, மேல ஏறி உக்காரு."

"நானா? எனக்கு என்ன தெரியும்? உல கொதிக்குது."

"தெரிய வேண்டாம். காலால மிதி, போதும்."

சுடலைவடிவு சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். முதல் மிதிக்கே வண்டி அலறியது, அவளும் அலறினாள்.

"பைய மிதிட்டீ! வீட்டையா இடிக்கப் போற?"

"மிதின்னு சொன்னீக, மிதிச்சேன். பையன்னு மொதல்லயே சொல்லணும்."

இரண்டாவது தடவை பைய மிதித்தாள். இரைச்சல் ஏற ஏற சங்கிலி குனிந்து பார்த்தார். காற்று பில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாய், பீடி இழுக்கிறவன் கன்னம் மாதிரி உள்ளே ஒட்டியது. ஒட்டியதும் அடிப்பக்கத்தில் ஒரு கீறல் வாயைப் பிளந்தது. காலை எடுக்கச் சொன்னார். குழாய் உப்பிக்கொண்டது, கீறல் மூடிக்கொண்டது. நின்ற வண்டியில் நூறு தடவை தடவிப் பார்த்தாலும் தெரிந்திருக்காது. விரலை வைத்துப் பார்த்தார். கீறலைச் சுற்றி உமித்தூசி அப்பம் மாதிரி அப்பியிருந்தது.

சேலைத்துணியை அவிழ்த்துவிட்டு மறுபடி மிதிக்கச் சொன்னார். குழாய் ஒட்டவில்லை.

சங்கிலி அவிழ்த்த சேலையின் மடிப்புகளை எண்ணிப் பார்த்தார். மூச்சு முட்டுகிற அளவுக்குப் பில்டர் வாயைக் கட்டியது அவர்தான். காற்று கிடைக்காமல் குழாய் ஒடுங்கி ஒடுங்கிக் கிழிந்திருக்கிறது. கிழிசல் வழியாகத் தூசி நேரே இன்ஜினுக்குள் போயிருக்கிறது. பில்டர் பக்கத்தில் சும்மா நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது.

"என்னங்க, எறங்கட்டுமா?" என்று மேலேயிருந்து கேட்டாள் சுடலைவடிவு.

"எறங்கு. உன் சேலைய எடுத்துக்கிட்டுப் போ."

புதுக் குழாய் போட்டார். காற்று பில்டரில் தூசி தேங்குகிற தொட்டியைக் கழுவினார். துணி கட்டுவதை விட்டார். கருத்த ஆயிலை அப்படியே விட்டுவைத்தார். தேய்ந்தது தேய்ந்ததுதான், இன்ஜின் புதுசாகிவிடவில்லை. காலையில் கொஞ்சம் புகைந்தது. ஆனால் ஆயில் இறங்குவது பாதிக்குப் பாதி குறைந்தது. அந்தப் பாலத்து ஏத்தத்தில் வண்டி முனகாமல் ஏறியது. இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

அறுப்புக் காலம் முடிகிற சமயம் ஆலையில் பாரம் ஏற்றும்போது சிவசண்முகம் வெளியே வந்து நின்றார்.

"புகை அடங்கிட்டே. அப்போ வண்டிய விக்க மாட்ட?"

"மாட்டேன் அண்ணாச்சி."

"சரி. என்ன ஆயில் போட்ட? நம்ம வண்டிக்கும் போடணும்."

"ஆயில் இல்ல அண்ணாச்சி. குழாய் கிழிஞ்சிருந்தது. துணியக் கட்டுனதுதான் வினை. உங்க வண்டியிலயும் அந்தத் துணிய அவுத்து எறியச் சொல்லுங்க."

"துணிய அவுத்தா தூசி போவாதாலே?"

"போவாது. அதுக்குத்தான பில்டர் இருக்கு."

"அது கெடக்கட்டும். ஆயில் பேரச் சொல்லு."

சங்கிலி ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். ஆலை லாரியின் டிரைவர் நனைத்த துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் சிவசண்முகம் சொன்னது இரைச்சலையும் தாண்டிக் கேட்டது:

"பாத்தியா, தனியா வந்ததும் தொழில் ரகசியம் வந்துட்டு. சொல்ல மாட்டேங்கான்."